கிண்ணம் வருமா, வாத்தியாரே?



சில வாரங்களாக எங்கே போனாலும் ஒரே கேள்விதான். மந்தின் பாசாரில் மீன் வாங்க நின்றால் கேட்கிறார்கள். கோயில் கூட்டத்தில் கணக்கு வாசித்து முடிப்பதற்குள் கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் ஆண்டுப் பையன்கள் பெருக்கல் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டுக் கேட்கிறார்கள். "புதுப் பருவம் தொடங்கப் போவுதே வாத்தியாரே, இந்தத் தடவை நம்ம நெகிரி என்ன செய்யும்? கிண்ணம் வருமா?"

இந்தப் பக்கத்துக்கு வந்த கடிதங்களிலும் இரண்டு காற்பந்தைப் பற்றியவை. லெங்கெங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தம்பி, "நம் மாநிலக் குழு முதல் நான்கு இடத்துக்குள் வருமா? வரும் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், நண்பர்களிடம் காட்ட வேண்டும்" என்று கேட்டிருக்கிறார். இன்னொரு கடிதம் ஒரு தாய் எழுதியது. "குழு தோற்றால் என் வீட்டுக்காரர் இரண்டு நாள் யாரிடமும் பேசுவதில்லை. ஜெயித்தால் கடையில் கணக்கு ஏறுகிறது. பந்தயம் வேறு கட்டுகிறாரோ என்று பயமாக இருக்கிறது. இந்த விளையாட்டால் குடும்பத்துக்கு என்ன நன்மை?" என்று கேட்கிறார்.

தம்பி கேட்டது ஆசை. அம்மா கேட்டது அச்சம். இரண்டுக்கும் வேர் ஒன்றே. எதிர்பார்ப்பு என்பது அதன் பெயர். இம்மாதம் அதைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

முதலில் நம் மாநிலத்தின் கதை. தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குத் தெரியாது.

மலேசியக் கிண்ணம் என்று இன்று நாம் சொல்லும் போட்டி 1921-ல் தொடங்கியது. 'மலாயா' என்ற பெயர் கொண்ட பிரிட்டிஷ் போர்க்கப்பலின் அன்பளிப்பு அந்தக் கிண்ணம். அதனால் முதலில் மலாயாக் கிண்ணம் என்றே பெயர். 1967-ல்தான் மலேசியக் கிண்ணம் ஆயிற்று. ஜப்பான்காரன் காலத்தில் போட்டி நின்றது. போருக்குப் பிறகு மறுபடி நடந்த முதல் ஆண்டு 1948. அந்த ஆண்டில் கிண்ணத்தை வென்றது யார் தெரியுமா? நம் நெகிரி செம்பிலான்!

அதே 1948 ஜூன் மாதத்தில்தான் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. தோட்டங்களில் முள்வேலி, ஊரடங்கு, அரிசிக்குக் கட்டுப்பாடு என்று நம் பாட்டன் பாட்டிமார் பட்ட பாடு கொஞ்சமில்லை. அந்தக் கலவரமான காலத்திலும் கிண்ணம் சிரம்பானுக்கு வந்தது. அதைக் கண்டவர்கள் அடுத்த ஆண்டும் வரும் என்றுதான் எண்ணியிருப்பார்கள்.

வரவில்லை. அடுத்த ஆண்டும் இல்லை, அதற்கடுத்த ஆண்டும் இல்லை. நாடு சுதந்திரம் அடைந்தது. மலேசியா உருவானது. பால்மரம் வெட்டிய தோட்டங்களில் செம்பனை வந்தது. அந்தக் கிண்ணம் மட்டும் வரவில்லை. கடைசியில் 2009 நவம்பர் 7-ஆம் தேதி புக்கிட் ஜாலில் திடலில் கிளந்தானை 3-1 என்று வீழ்த்திக் கிண்ணத்தைத் தூக்கினார்கள் நம் ஆட்டக்காரர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 61 ஆண்டுகள்! 1948-ல் பிறந்த குழந்தை 2009-ல் பேரன் பேத்தி எடுத்த தாத்தா. "ஹோபின் ஜாங் ஹோபின்!" என்று நம் மாநிலத்து மலாய்க்காரர்கள் முழங்குவார்களே, "அடிடா தம்பி, அடி" என்பது போல, அந்த முழக்கத்தை அன்றிரவு தமிழ்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் சேர்ந்தே முழங்கினார்கள்.

2011-ல் திரங்கானுவை 2-1 என்று வென்று மறுபடியும் கிண்ணம் வந்தது. அதற்கு முன்பே 2003-லும் 2010-லும் எஃப்.ஏ. கிண்ணம், 2005-06 பருவத்தில் சூப்பர் லீக் வெற்றியாளர் பட்டம் என்று நமக்கு நல்ல காலம்தான். அந்தக் காலத்து ஆட்டக்காரர்களில் எஸ். குணாளனை நம் பிள்ளைகள் நன்றாக அறிவார்கள். நம் மாநிலத்துக்கு ஆடிக்கொண்டிருந்தவர் தேசியக் குழுவுக்குப் போனார். 2010 டிசம்பரில் தென்கிழக்காசியக் கிண்ணத்தை மலேசியா முதன்முறையாக வென்றதே, அந்தக் குழுவில் அவர் இருந்தார். அதன் பயிற்றுநர் கே. ராஜகோபால். இந்தோனேசியாவைப் புக்கிட் ஜாலிலில் 3-0 என்று வென்று, ஜகார்த்தாவில் 1-2 என்று தோற்று, மொத்தத்தில் 4-2 என்று கிண்ணம் கொண்டுவந்தார்கள்.

சரி, நல்ல காலம் நிலைத்ததா? இல்லை. 2011-ல் கிண்ணம் தூக்கிய குழு, 2014-ல் இரண்டாம் நிலையான பிரிமியர் லீக்கில் ஆடிக்கொண்டிருந்தது. 2018-ல் மேலே ஏறி, அந்த ஒரே பருவத்தில் கீழே இறங்கியது. 2021-ல் கே. தேவன் பயிற்றுநராக இருந்தபோது பிரிமியர் லீக்கை வென்று மறுபடி மேலே வந்தது. 2022-ல், ஏறி வந்த முதல் பருவத்திலேயே சூப்பர் லீக்கில் நான்காம் இடம். அந்த ஆண்டு ரசிகர்களுக்கு இருந்த உற்சாகத்தைச் சொல்லி முடியாது. "அடுத்த வருஷம் ஜொகூரையே ஒரு கை பார்ப்போம்" என்றார்கள். ஆனால் அடுத்த பருவங்களில் பட்டியலின் கீழ்ப் பாதிக்குத்தான் போனோம். நான்காம் இடத்துக்காகத் தேவனைத் தூக்கி வைத்துக் கொண்டாடியவர்களில் சிலர், தோல்விகள் வந்ததும் அதே வாயால் என்னவெல்லாம் சொன்னார்கள் என்பதை இங்கே எழுதுவதற்கில்லை. இது குடும்பப் பத்திரிகை.

இதில் நாம் காண்பது என்ன? குழு ஒரு படி ஏறினால் நம் எதிர்பார்ப்பு நான்கு படி ஏறிவிடுகிறது. பிறகு குழு இரண்டு படி இறங்கும்போது, நமக்கு அது ஆறு படி இறங்கினாற் போலத் தெரிகிறது. விழுந்தது குழு மட்டுமல்ல, நம் ஆசையும் சேர்ந்தே விழுகிறது. அந்த வலியைத்தான் நாம் ஆட்டக்காரன் மேல் கோபமாகக் கொட்டுகிறோம்.

அப்படியானால் எதிர்பார்க்கவே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். எதிர்பார்ப்பில்லாத ரசிகன் உப்பில்லாத குழம்பு. ஆனால் உப்பை அளந்து போட வேண்டும் அல்லவா? எப்படி அளப்பது என்று வாத்தியார் முறையில் சொல்கிறேன். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

லீக்கில் 13 குழுக்கள் என்று வையுங்கள். 2024-25 பருவத்தில் அப்படித்தான் இருந்தது. ஒவ்வொரு குழுவும் மற்ற 12 குழுக்களோடு சொந்தத் திடலில் ஒரு தடவையும், வெளியூரில் ஒரு தடவையும் ஆடும். ஆக 24 ஆட்டங்கள். வென்றால் 3 புள்ளி, சமநிலைக்கு 1, தோற்றால் சூன்யம். எல்லாவற்றையும் வென்றால் 72. இப்போது நம் குழுவுக்கு மனசாட்சியோடு கணக்குப் போடுங்கள். பாரோய் திடலில் ஆடும் 12-ல் 7 வெற்றி, 3 சமநிலை, 2 தோல்வி. அது 24 புள்ளி. வெளியூர் 12-ல் 3 வெற்றி, 3 சமநிலை, 6 தோல்வி. அது 12 புள்ளி. மொத்தம் 36. எட்டுத் தோல்வியோடும் பட்டியலின் நடுவுக்குச் சற்று மேலே நிற்கலாம்! அப்படியானால் மூன்றாம் வாரத்தில் ஒரு தோல்வி வந்ததும் வானொலிப் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டுமா? அது நீங்களே கணக்கில் எழுதி வைத்த எட்டில் ஒன்று.

இன்னொன்றும் கவனியுங்கள். 13 என்பது ஒற்றைப்படை எண். ஒவ்வொரு சுற்றிலும் ஏதாவது ஒரு குழு ஆடாமல் சும்மா இருக்கும். ஆகையால் பட்டியலில் நம் குழு கீழே இருக்கிறது என்று பதறுவதற்கு முன் 'ஆடிய ஆட்டங்கள்' என்ற கட்டத்தைப் பாருங்கள். நாம் ஒன்று குறைவாக ஆடியிருப்போம். என் வகுப்புப் பையன்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்த பிறகு அவர்கள் வீட்டுக்குப் போய் அப்பாமார்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கேள்வி.

கணக்குப் போடுவதற்கு முன் பார்க்க வேண்டியவையும் உண்டு. சென்ற பருவத்தில் ஆடியவர்களில் எத்தனை பேர் மிச்சம் இருக்கிறார்கள்? பயிற்றுநர் அதே ஆளா, புதியவரா? கோல் அடிக்க வெளிநாட்டிலிருந்து வந்தவர் நம் நாட்டு வெயிலுக்கும் மழைக்கும் பழகியவரா? எல்லாவற்றுக்கும் மேலாக, ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் ஒழுங்காகப் போகிறதா?

கடைசிக் கேள்வியைத் தோட்டத்துச் சனங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சம்பளம் வராத மாதத்தில் மரம் வெட்டப் போகிறவன் கை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பந்தை உதைக்கிறவன் காலும் அப்படித்தான். நம் நாட்டு லீக்கில் சம்பளப் பாக்கி என்பது பல ஆண்டுகளாகத் தீராத நோய். 2025-ல் பேராக், ஸ்ரீ பஹாங் போன்ற பேர்பெற்ற குழுக்களே புதுப் பருவத்துக்கு முன் லீக்கை விட்டு விலகின. பேராக்கும் பஹாங்கும் கிண்ணங்கள் பல வென்ற மாநிலங்கள். அவற்றின் ரசிகர்கள் அந்த ஆண்டு எதை எதிர்பார்த்திருப்பார்கள்? கிண்ணத்தையா? ஆடுவதற்கு ஒரு குழு இருந்தால் போதும் என்றுதானே! ஜொகூர் டாருல் தாக்சிம் 2014 முதல் 2024-25 வரை தொடர்ந்து 11 பருவங்கள் லீக்கை வென்றதற்குப் பண பலமும் ஒழுங்கான நிர்வாகமும் காரணம். அந்தக் குழுவோடு நம்மை ஒப்பிட்டு நம் பிள்ளைகளைத் திட்டுவது, பக்கத்து வீட்டு டாக்டர் மகனைக் காட்டி நம் பிள்ளையை அடிப்பது போன்றது.

சில சமயம் எல்லாம் சரியாக இருந்தும் எதிர்பார்ப்பு பொய்த்துப் போகும். பெரியவர்களுக்கு 1980 நினைவிருக்கும். மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெறும் போட்டியில், மெர்டேக்கா திடலில், தென் கொரியாவை 2-1 என்று வென்றோம். கோல் கம்பங்களுக்கு நடுவே 'ஸ்பைடர்மேன்' ஆர். ஆறுமுகம். முன்னே சோ சின் ஆன், சந்தோக் சிங், ஜேம்ஸ் வோங். நாடே கொண்டாடியது. ஆனால் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. மலேசியாவும் போகவில்லை. வென்றவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். ஆறுமுகம் 1988-ல் சாலை விபத்தில் மறைந்தார். ஒலிம்பிக் போகாத அந்தக் குழுவை இன்றைக்கும் நாம் மறந்தோமா? 2016-ல் 'ஓலா போலா' என்று திரைப்படமே வந்தது. கிண்ணமும் பதக்கமும் இல்லாமலும் ஒரு குழு மக்கள் மனதில் நிற்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இனி அந்தத் தாயின் அச்சத்துக்கு வருகிறேன். தாய்மார்களே, கவனித்துக் கேளுங்கள்.

எதிர்பார்ப்பு மனதில் இருக்கும் வரை அது ஆசை. அதன் மேல் காசு வைத்தால் அது வியாபாரம். அந்த வியாபாரத்தில் லாபம் யாருக்கு? பந்தயம் வாங்குகிறவனுக்கு. முன்பு காப்பிக்கடை மூலையில் துண்டுச் சீட்டில் எழுதினார்கள். இப்போது கைப்பேசியில் விரல் வைத்தால் போதும். முகம் தெரியாத ஆள், சட்டத்துக்குப் புறம்பான தொழில். சம்பளம் வாங்கிய அன்றே பாதி காணாமல் போகிறது.

இதைக் கண்டித்தால் சில தம்பிமார்கள், "இங்கிலாந்தில் லெஸ்டர் சிட்டி ஜெயிக்கலையா வாத்தியாரே?" என்கிறார்கள். உண்மைதான். 2015-16 பருவம் தொடங்கும்போது லெஸ்டர் லீக்கை வெல்லும் என்று ஒரு பவுன் கட்டினால் ஐயாயிரம் பவுன் தருகிறோம் என்றார்கள் பந்தயக்காரர்கள். லெஸ்டர் வென்றது. உலகமே வியந்தது. உலகமே ஏன் வியந்தது? அப்படி நடப்பதே இல்லை என்பதால்தானே! அதே பந்தயக்காரர்கள் மற்ற எத்தனையோ பருவங்களில் எத்தனையோ ஏழைகளின் காசை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். அதைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை.

நம் நாட்டில் நடந்ததையும் மறந்துவிடலாகாது. 1994-லும் 1995-லும் ஆட்டத்தை விலைக்கு விற்ற ஊழல் வெளியானபோது நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள். பலர் ஆடத் தடை விதிக்கப்பட்டது. அவர்களில் நாம் பெயர் சொல்லிக் கொண்டாடியவர்களும் இருந்தார்கள். அரங்குகளில் கூட்டம் குறைந்தது. அதன் காயம் ஆற வெகுகாலம் பிடித்தது. அந்த ஊழலுக்குத் தீனி போட்டது எது? பந்தயக் காசு. நாம் ஒருவர் ஐந்து வெள்ளி, ஒருவர் பத்து வெள்ளி என்று போடும் காசுதான் சேர்ந்து சேர்ந்து ஒரு பையனின் காலை விலைக்கு வாங்குகிறது. குழுவை நேசிக்கிறேன் என்பவன் அதன் மேல் பந்தயம் கட்டலாமா? பெற்ற பிள்ளையின் பரீட்சை மேல் யாராவது பந்தயம் கட்டுவார்களா?

ஆகவே, அம்மா, உங்கள் வீட்டுக்காரரை ஆட்டம் பார்க்க வேண்டாம் என்று தடுக்காதீர்கள். பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். நோட்டுப் புத்தகக் கணக்கைப் பிள்ளையும் அப்பாவும் சேர்ந்து போடட்டும். பந்தயம் மட்டும் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்று உறுதியாகச் சொல்லுங்கள். அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சம்பளத்தில் பாதி உங்கள் வியர்வையும்தான்.

அடுத்து நம் சமுதாயத்தைப் பற்றி ஒரு விஷயம். கொஞ்சம் கசக்கும்.

அமெரிக்காவில் கல்லூரிக் குழுக்களின் ஆட்டத்துக்குக் கூடும் கூட்டம் மிகப் பெரிது. கையால் தூக்கிக்கொண்டு ஓடும் அவர்களுடைய காற்பந்து வேறு வகை. ஆனாலும் ஆடுகிறவர்கள் மாணவர்களே. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் திடல் 1927-ல் திறக்கப்பட்டது. அதில் இன்று 1,07,601 இருக்கைகள். அங்கே படித்துப் போனவர்கள் கிழவர்களான பிறகும், பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆண்டுதோறும் வருகிறார்கள். ஜெயிக்கும் ஆண்டிலும் வருகிறார்கள், தோற்கும் ஆண்டிலும் வருகிறார்கள். 'இது எங்கள் குழு' என்று அவர்கள் சொல்வது டிக்கெட்டிலும் தெரியும்.

நமக்கும் 'எங்கள் குழு' என்று ஒன்று இருந்தது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் குழு, மிஃபா என்று நாம் அழைத்தது. அது 2017-ல் பிரிமியர் லீக்குக்கு வந்தது. 2019-ல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கிலேயே ஆடியது. பெரிய மாநிலக் குழுக்களுக்கு நடுவே, ஒரு கட்டத்தில் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவரும் இல்லாமல், உள்ளூர்ப் பிள்ளைகளை மட்டுமே வைத்து ஆடித் தாக்குப்பிடித்தது. நம் தமிழ்ப் பெயர்கள் சட்டையின் முதுகில் மின்னிய காலம் அது.

2022 பருவத்துக்குப் பிறகு அந்தக் குழு லீக்கை விட்டு விலகியது. இன்று இல்லை. காரணங்கள் பல சொன்னார்கள். நிர்வாகம், பணம், லீக்கின் நிலை என்று அவற்றை ஆராய்வது என் வேலையில்லை. நான் கேட்பது நம்மைத்தான். அந்தக் குழு ஆடியபோது நம்மில் எத்தனை பேர் திடலுக்குப் போனோம்? மான்செஸ்டர் யுனைடெட் சட்டைக்குக் கொடுத்த காசில் பாதியையாவது நம் குழுவின் டிக்கெட்டுக்குக் கொடுத்தோமா? தேசியக் குழுவுக்கு நம் பிள்ளைகளை அனுப்ப வேண்டும், சமுதாயத்தின் மானத்தைக் காக்க வேண்டும், ஜொகூரைத் தோற்கடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பு மட்டும் மலை போல இருந்தது. இருக்கைகள் காலியாக இருந்தன. கை கொடுக்காதவர்களின் எதிர்பார்ப்பைக் குழு சுமையாகத்தான் சுமந்தது.

நமக்குக் கை கொடுக்கத் தெரியாதா? தெரியும். தோட்டத் துண்டாடல் நடந்த நாட்களை எண்ணிப் பாருங்கள். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைக் கூறு போட்டு விற்க, நம் சனங்கள் லயத்தை இழந்து தெருவில் நின்றார்கள். 1960-ல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பால் வெட்டிப் பிழைத்த நம் பெற்றோரும் தாத்தா பாட்டியும் மாதம் பத்து வெள்ளி என்று கட்டினார்கள். அன்றைய பத்து வெள்ளி சின்னக் காசில்லை. அந்தப் பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. அவர்களும் எதிர்பார்த்தார்கள். ஆனால் எதிர்பார்ப்போடு மாதாமாதம் ஒரு தொகையையும் சேர்த்து வைத்தார்கள். எதிர்பார்க்கிறவன் எப்படி எதிர்பார்க்க வேண்டும் என்பதற்கு அவர்களே நமக்கு வாத்தியார்கள்.

இப்போது நம் வீட்டுப் பக்கம் பாருங்கள். ஒரு காலத்தில் தோட்டம் என்றால் ஒரு கோயில், ஒரு பள்ளிக்கூடம், ஒரு திடல். மாலையில் வேலை முடிந்ததும் மண்டோர், கிராணி மகன், வெட்டுக்காட்டு ஆள் எல்லாரும் ஒரே பந்தின் பின்னால் ஓடினார்கள். திருவிழா என்றால் தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி. இன்று பல தோட்டங்கள் வீடமைப்புத் தாமான்களாகிவிட்டன. நம் சனங்கள் அடுக்குமாடிக்குப் போய்விட்டார்கள். கோயிலுக்காகப் போராடினோம், சரி. பள்ளிக்கூடத்துக்காகப் போராடினோம், மிகச் சரி. திடல் போனபோது எத்தனை பேர் வாய் திறந்தோம்? ஐந்தாம் மாடியில் இருக்கும் பத்து வயதுப் பையன் எங்கே பந்து உதைப்பான்? கார் நிறுத்தும் இடத்தில் உதைத்தால் கண்ணாடி உடைகிறது, அடி விழுகிறது. பிறகு, "நம்ம பிள்ளைங்க யாருமே இப்ப நெகிரிக்கு ஆடுறதில்லையே" என்று காப்பிக்கடையில் உட்கார்ந்து வருத்தப்படுகிறோம். விதைக்காத நிலத்தில் அறுவடை எப்படி வரும்?

ஆகவே இந்தப் பருவத்துக்கு என் எதிர்பார்ப்பை எழுதுகிறேன். லெங்கெங் தம்பி இதை நண்பர்களிடம் தாராளமாகக் காட்டலாம்.

குழுவிடம் நான் எதிர்பார்ப்பது, முப்பத்தாறு புள்ளி. அதற்கு மேல் வந்தால் பாயசம். பாரோய்க்கு வருகிறவனை வெறுங்கையோடு அனுப்பாத உழைப்பு. கடைசி நிமிடம் வரை ஓட்டம்.

நிர்வாகத்திடம் எதிர்பார்ப்பது, மாதச் சம்பளம் மாதம் முடிவதற்குள். இதை ரசிகர்கள் உரக்கக் கேட்க வேண்டும். கோல் விழவில்லை என்று கத்துகிற குரலில் பாதியைச் சம்பளம் விழவில்லை என்றும் கத்தினால் நல்லது நடக்கும்.

நம்மிடம் எதிர்பார்ப்பது நான்கு.

ஒன்று, பருவத்துக்கு ஒரு தடவையாவது குடும்பத்தோடு திடலுக்குப் போங்கள். மந்தினிலிருந்து சிரம்பான் எட்டாத தூரமில்லை. நான்கு குடும்பம் சேர்ந்து ஒரு வேன் பிடித்தால் செலவு குறையும். சோறு கட்டிக்கொண்டு போனால் இன்னும் குறையும்.

இரண்டு, தோற்ற அன்று ஆட்டக்காரனைத் திட்டாதீர்கள். அவனும் யாரோ ஒரு தாயின் பிள்ளை. கைப்பேசியில் நீங்கள் எழுதும் வசவை அந்தத் தாயும் படிப்பாள். நிறத்தையும் இனத்தையும் இழுத்துப் பேசுவது அறவே கூடாது. நமக்கு அது எப்படி வலிக்கும் என்று நமக்குத் தெரியும்.

மூன்று, உங்கள் தாமானிலோ தோட்டத்திலோ மிச்சம் இருக்கும் திடல் எது என்று பாருங்கள். புல் வெட்ட ஆள் இல்லையென்றால் நாமே வெட்டுவோம். கோயில் கமிட்டி இருப்பது போலத் திடலுக்கும் ஒரு கமிட்டி அமைத்தால் என்ன?

நான்கு, பிள்ளைக்குக் காலில் திறமை இருந்தால் மூடி வைக்காதீர்கள். 2014-ல் தொடங்கிய தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் சிறு வயதிலேயே பயிற்சி தருகிறார்கள். அதில் தேறியவர்களுக்குப் பஹாங் கம்பாங்கில் மொக்தார் டஹாரி அக்காடமி இருக்கிறது. புக்கிட் ஜாலிலில் விளையாட்டுப் பள்ளி இருக்கிறது. பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரிடம் போய், "தேர்வு எப்போது, எங்கே?" என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். பெண் பிள்ளையாக இருந்தாலும் கேளுங்கள். பெண் பிள்ளைக்கு எதற்குப் பந்து என்று கேட்ட காலம் மலையேறிவிட்டது. அதே சமயம் படிப்பையும் விட்டுவிடாதீர்கள். கால் ஒரு நாள் காயப்படும். படித்த படிப்பு காயப்படாது.

கிண்ணம் வருமா என்று கேட்டீர்கள். 61 ஆண்டு காத்திருந்த மாநிலம் இது. வரும்போது வரட்டும். அதுவரை சனிக்கிழமை மாலை திடலில் பையன்கள் விளையாடும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்தச் சத்தம் நின்றுவிட்டால், வரும் கிண்ணத்தைப் பார்த்துக் கைதட்ட நம்மில் யாராவது இருப்பார்கள், அதைத் தூக்கிப் பிடிக்க நம் பிள்ளை எவனும் இருக்க மாட்டான்.

உங்கள் தோட்டத்துத் திடல் இன்னும் இருக்கிறதா? அதில் யார் விளையாடுகிறார்கள்? எனக்கு எழுதுங்கள். நல்ல செய்திகளை இந்தப் பக்கத்தில் எல்லாரோடும் பகிர்ந்துகொள்வோம். அடுத்த இதழில், பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை வீட்டு வேலைக்குப் பழக்குவது பற்றிப் பேசலாம். அதுவரை, வணக்கம்.